மாரடைப்பின் மணித்துளிகள் – 11: வலி நின்ற பிறகு எடுக்கும் படம்

சென்ற வாரம் ஈ.சி.ஜி. காகிதத்தோடு நிறுத்தியிருந்தோம். நெஞ்சுவலியோடு வந்தவரின் காகிதத்தில் எஸ்.டி. பகுதி மேலே தூக்கி நின்றால், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளில் ஒன்று பெரும்பாலும் முழுதாக அடைபட்டிருக்கும். எந்த நாடி, எந்த இடம் என்பதை அந்தக் காகிதத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கண்ணால் காண எஞ்சியோகிராம் வேண்டும். இந்த வாரம் அந்தப் படத்தைப் பற்றித்தான். மாத்தளை மாவட்டத்து மக்களை மனதில் வைத்து எழுதுவதால், படத்துக்கு முன் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்தளை நகரிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 26 கிலோமீற்றர். கேட்டால் கிட்டத்தில்தான். ஆனால் ஏ9 வீதி அலவத்துகொடை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகப் போகிறது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் அக்குறணைக்குள் அகப்பட்ட அம்புலன்ஸ் எவ்வளவு சத்தம் போட்டாலும் ஊர்ந்துதான் போக வேண்டும். பிங்கா ஓயா பெருகினால் அந்த வீதியே தண்ணீருக்குள். தம்புள்ளையிலிருந்து கண்டி 70 கிலோமீற்றருக்கு மேல். இலுக்கும்புரவில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு பிடித்துக்கொண்டால் ரிவர்ஸ்டன் வளைவுகளை ஏறி இறங்கி, ரத்தோட்டையைத் தாண்டித்தான் மாத்தளைக்கே வர முடியும். மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் வில்கமுவவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்குத் தனிக் காரணம் உண்டு.

உலகெங்கும் இருதய வைத்தியர்கள் பின்பற்றும் கணக்கு இது. அடைப்பு என்று ஈ.சி.ஜி. சொன்ன நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் நாடியின் அடைப்பைக் கம்பி கடக்குமானால், அந்த அடைப்பைப் பலூனால் விரித்துத் திறக்கும் எஞ்சியோபிளாஸ்டியை நேரே செய்யலாம். அது நடக்காது என்று தெரிந்தால், பத்து நிமிடத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட வேண்டும். அந்த 120 நிமிடத்துக்குள் அம்புலன்ஸ் கிடைப்பது, வீதி, வாசலில் ஒப்படைப்பது, படமெடுக்கும் கதீற்றர் அறையில் ஆட்கள் கூடுவது எல்லாம் அடங்கும். மாத்தளை நகரில் பகலில், அதிர்ஷ்டம் இருந்தால், சாத்தியம். மாவட்டத்தின் மற்றப் பகுதிகளுக்கு ஊசிதான் முதல். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சரியான நேரத்தில் போட்ட ஊசி, தாமதமாகக் கிடைத்த எஞ்சியோபிளாஸ்டிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சிக்கல் ஊசிக்குப் பிறகு தொடங்குகிறது. ஊசி ஏறி ஒரு மணித்தியாலத்தில் வலி தணிகிறது. வியர்வை நிற்கிறது. இரண்டு நாள் வாட்டில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து, "வலி நின்னுருச்சு சேர், டிக்கட் வெட்டிக் குடுங்க" என்கிறார். கண்டிக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றதும் வீட்டார் முகம் மாறுகிறது. "நெஞ்சைக் கிழிப்பாங்களா?" என்று மனைவி கேட்கிறார். "அங்க போனவர் திரும்பல" என்று பக்கத்துக் கட்டில்காரர் ஒரு கதை சொல்கிறார். ஊசி போட்டாயிற்று, வலியும் போயிற்று, இனி என்ன படம் என்பது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

1993இல் வெளியான குஸ்டோ ஆய்வில் 41,021 மாரடைப்பு நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 2,431 பேருக்கு ஊசி போட்ட பிறகு நாடியையும் படமெடுத்துப் பார்த்தார்கள். நாடிக்குள் ஓட்டம் எப்படி என்பதற்கு 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். 0 என்றால் ஒரு துளியும் போகவில்லை, 3 என்றால் இயல்பான ஓட்டம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி பெற்றவர்களில், 90ஆவது நிமிடத்தில் 3ஆம் தர ஓட்டம் கண்டவர்கள் நூற்றுக்கு 30 பேர் அளவில்தான். அதைவிட விலை கூடிய டி.பி.ஏ. என்ற மருந்து பெற்றவர்களிலும் 54 பேர்தான். மற்றவர்களுக்கு நாடி பாதி திறந்திருந்தது, அல்லது திறக்கவே இல்லை. வலி குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நாடி திறந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே சரியாகத் தெரியாமல் போவதும் உண்டு.

படமெடுத்துப் பார்ப்பது இந்த நோயின் வைத்தியத்தை மாற்றியது இது முதல் தடவை அல்ல. 1970களின் பிற்பகுதி வரை, மாரடைப்பில் இறந்தவரின் நாடிக்குள் காணப்படும் இரத்தக்கட்டி மாரடைப்புக்குக் காரணமா, மாரடைப்பின் விளைவாகப் பிறகு உறைந்ததா என்று பெரிய வைத்தியர்களே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். விளைவுதான் என்ற கட்சி வலுவாக இருந்தது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது நாடிக்குள் குழாய் விடுவது ஆபத்து என்ற பயத்தால் பெரும்பாலானோர் பார்க்கத் துணியவில்லை. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மார்க்கஸ் டிவூட் என்ற இருதய வைத்தியரும் அவர் குழுவும் துணிந்தார்கள். 322 நோயாளிகளுக்கு, மாரடைப்புத் தொடங்கி 24 மணித்தியாலத்துக்குள் படமெடுத்தார்கள். முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் படமெடுக்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்கு நாடி முழுதாக அடைபட்டிருந்தது. நேரம் போகப் போக அந்த விகிதம் குறைந்தது. 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் பார்த்தவர்களில் 65 வீதம். கட்டிதான் காரணம், உடம்பு தானாகவே அதைக் கரைக்கவும் முயல்கிறது என்று தெரிந்துபோயிற்று. 1980இல் அந்தக் கட்டுரை வந்தது. ஆறு வருடம் கழித்து இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த கிஸ்ஸி ஆய்வு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் மரணத்தை 13 வீதத்திலிருந்து 10.7 வீதத்துக்குக் குறைக்கிறது என்று காட்டியது. இன்று நம் ஊர் வைத்தியசாலையில் போடப்படும் ஊசிக்குப் பின்னால் அந்த 322 படங்கள் இருக்கின்றன.

முடியுரு நாடியைத் தனியாகப் படமெடுக்கலாம் என்பதே ஒரு தவறால் தெரியவந்தது. 1958 ஒக்டோபர் 30ஆம் திகதி, கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்பவர் ஓர் இளைஞரின் பெருநாடிக்குள் சாயம் செலுத்த முயன்றார். குழாயின் நுனி வழுக்கி வலது முடியுரு நாடிக்குள் போய்விட்டது. முப்பது மில்லிலீற்றர் அளவு சாயம் அதற்குள் பாய்ந்தது. நோயாளி இறந்துவிடுவார் என்றுதான் சோன்ஸ் நினைத்தார். இதயம் சில நொடி நின்றது. இருமச் சொன்னார், அவர் இருமினார், துடிப்பு திரும்பியது. திரையில் அந்த நாடி கிளை கிளையாகத் தெரிந்தது.

இப்போது அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது? நெஞ்சைக் கிழிப்பதில்லை. பெரும்பாலும் வலது மணிக்கட்டில், நாடி பிடித்துப் பார்க்கும் அதே இடத்தில், விறைக்கும் ஊசி போட்டு, இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள குழாயை உள்ளே விடுகிறார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருக்கிறார். தலைக்குமேல் வளைந்த கையில் எக்ஸ்ரே கருவி சுற்றி வருகிறது. குழாய் இதயத்தின் வாசலுக்கு வந்ததும் வைத்தியர் அயடீன் கலந்த சாயத்தைச் சிறிதளவு தள்ளுகிறார். சாம்பல் நிறத் திரையில் ஒரு கறுப்புக் கொடி மூன்று நான்கு துடிப்பு நேரம் படர்ந்து மறைகிறது. அது மறைவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். கொடி எங்கே ஒடுங்குகிறது, எங்கே வெட்டியதுபோல் நிற்கிறது, கடைசிக் கிளை வரை சாயம் போகிறதா, போய்ச் சேர எத்தனை துடிப்பு எடுக்கிறது? கருவியைத் திருப்பி வேறு கோணத்தில் இன்னொரு தடவை. உடம்பெங்கும் ஒரு சூடு பரவுவதைத் தவிர நோயாளிக்குப் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. அடைப்பு இருந்தால், பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே கம்பியை விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்துவிடுகிறார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, அரிதாக பாரிசவாதம் வரலாம். ஆனால் ஊசி போட்ட மாரடைப்பு நோயாளி படமெடுக்காமல் வீட்டுக்குப் போவதில் இருக்கும் ஆபத்து அதைவிடக் கூட.

ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்துக்குள் இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தூக்கி நின்ற பகுதி பாதிக்குமேல் இறங்கவில்லை என்றால் நாடி திறக்கவில்லை என்று கொள்ள வேண்டும், உடனே கண்டிக்கு. இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் படம். 2013இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு இந்த ஏற்பாட்டை 1,892 பேரிடம் சோதித்துப் பார்த்தது. முதலில் ஊசி, பிறகு படம் என்ற வழியில் போனவர்களுக்கும் நேரே எஞ்சியோபிளாஸ்டிக்குப் போனவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் ஊசி பெற்றவர்களில் 36 வீதத்தினருக்கு, ஊசி பலிக்காததால் உடனடியாகப் படமெடுக்க வேண்டி வந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல்! அந்த ஒருவர் நம் வாட்டில் எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்பது வலியை மட்டும் கேட்டால் தெரியாது.

இதை ஐரோப்பாவில்தான் செய்ய முடியும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் செய்து காட்டினார்கள். கோவை மெடிக்கல் சென்டரின் தோமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, தமிழ்நாட்டில் சிறிய வைத்தியசாலைகளைக் கதீற்றர் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைகளோடு இணைத்தார்கள். 108 அம்புலன்ஸ் அவற்றுக்கு நடுவே ஓடியது. சின்ன வைத்தியசாலையில் ஊசி, பிறகு குறித்த நேரத்துக்குள் பெரிய வைத்தியசாலையில் படம். 2,420 நோயாளிகளின் விபரம் 2017இல் வெளியானது. படமெடுக்கப்பட்டவர்கள் 35 வீதத்திலிருந்து 60.8 வீதமானார்கள். வைத்தியசாலைக்குள் நிகழ்ந்த மரணங்களில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு வருடத்துக்குள் நிகழ்ந்த மரணங்கள் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதத்துக்கு இறங்கின. இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். படமெடுத்ததன் பலன் டிக்கட் வெட்டும் நாளில் தெரிவதில்லை, அடுத்த பொங்கலுக்கு அந்த மனிதர் வீட்டில் இருப்பதில் தெரிகிறது.

நம்மிடம் அம்புலன்ஸ் இருக்கிறது. அதே 108 சேவையை நடத்திய இந்திய நிறுவனத்தின் உதவியோடும் இந்திய அரசின் நன்கொடையோடும் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. காசு கேட்பதில்லை. ஆனாலும் நெஞ்சு அடைக்கிறது என்றதும் சித்தாலேப தடவி, இஞ்சித் தண்ணீர் குடித்து, வாயுக்குத்து என்று சொல்லி விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் லயத்திலும் இருக்கிறது, நகரத்து மாடி வீட்டிலும் இருக்கிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவிரவாக மரக்கறி மூட்டை சுமக்கும் நாட்டாமை, தோள் வலிக்கும் மாரடைப்பு வலிக்கும் வித்தியாசம் தெரியாமல் இன்னொரு லொறியை இறக்கி முடிப்பார். அப்படிப் போகும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஊசியின் பலன் குறைகிறது.

சரி, படம் எடுத்தாயிற்று. அந்தப் படம் எல்லாவற்றையும் காட்டிவிடுமா? இல்லை. எஞ்சியோகிராம் காட்டுவது நாடிக்குள் ஓடும் சாயத்தின் நிழலை. வானத்திலிருந்து அம்பன் கங்கையைப் படமெடுத்தால் நீரின் அகலம் தெரியும், கரைக்குள் மண் எப்படி அரித்துப்போயிருக்கிறது என்று தெரியாது, அதுபோலத்தான். சிக்காகோவின் சீமோர் கிளாகோவ் 1987இல் காட்டியபடி, கொழுப்புப் படியும்போது நாடி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. சுவருக்குள் 40 வீதம் அளவுக்குப் படிவு நிறைந்த பிறகே உட்பாதை ஒடுங்கத் தொடங்குகிறது. அதனால்தான் போன வருடம் எல்லாச் சோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று வந்தவருக்கு இந்த வருடம் மாரடைப்பு வருகிறது. அப்போது சோதனை செய்த வைத்தியரைத் திட்டிப் பயனில்லை.

சுவரையே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐவஸ். நுனியில் ஒலி அலை எழுப்பும் சின்னக் கருவி பொருத்திய குழாயை நாடிக்குள் விட்டு, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும் அதே முறையில், நாடியை உள்ளிருந்து பார்ப்பது. மற்றது ஓ.சி.டி. ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. ஐவஸ் காட்டும் நுணுக்கத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு நுணுக்கமாக, ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு அளவு வரை காட்டும். ஆனால் இரத்தம் ஒளியை மறைக்கும். அதனால் படமெடுக்கும் சில நொடிக்கு, சாயத்தைப் பாய்ச்சி இரத்தத்தை ஒதுக்க வேண்டும்.

வில்கமுவவுக்கு இப்போது வருகிறேன். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தை மட்டும் பிடித்ததல்ல. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவவிலும் வயல் செய்பவர்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்படிச் சிறுநீரகம் பாதி பழுதான விவசாயிக்கு மாரடைப்பு வந்தால், எஞ்சியோகிராமின் சாயமே சுமைதான். அவருக்கு ஓ.சி.டி. பார்க்கப் போனால் இன்னும் சாயம் சேரும். ஐவஸுக்கு அந்தக் கூடுதல் சாயம் வேண்டியதில்லை. அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மொத்தச் சாயத்தையும் நன்றாகக் குறைக்கலாம் என்று பிரேசிலில் நடந்த ஆய்வு 2014இலேயே காட்டியது. எவ்வளவு நுணுக்கம் என்பதை வைத்து மட்டும் கருவியைத் தெரிவு செய்ய முடியாது. கட்டிலில் படுத்திருப்பவர் எந்த ஊர், எந்தத் தண்ணீர் குடித்தவர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள் என்று தாதியர் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். அந்தக் கொப்பியில் முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டதாக எழுதியிருந்தால், அதே மருந்தை மறுபடி போடுவதில்லை. உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கியிருக்கும்.

சுவரைப் பார்த்து ஸ்டென்ட் வைத்தால் உண்மையில் பலன் உண்டா? 2024இல் வெளியான ஓர் ஆய்வில் சீனா, இத்தாலி, பாகிஸ்தான், பிரித்தானியா ஆகிய நாடுகளில் மாரடைப்போ அதற்கு முந்திய நிலையோ கண்ட 3,505 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஐவஸ் பார்த்து ஸ்டென்ட், மற்றவர்களுக்கு எஞ்சியோகிராம் மட்டும் பார்த்து ஸ்டென்ட். ஒரு வருடத்தில் இருதய மரணம், அதே நாடியில் மீண்டும் மாரடைப்பு, மீண்டும் சிகிச்சை என்பவை முதல் குழுவில் 4 வீதம், இரண்டாவதில் 7.3 வீதம். ஸ்டென்ட் சுவரோடு ஒட்டாமல் நிற்பது, போதிய அளவு விரியாமல் இருப்பது, ஓரத்தில் சுவர் கிழிவது போன்றவை நிழலில் தெரியாமல் போகலாம். உள்ளிருந்து பார்த்தால் தெரியும்.

சில வேளை உள்ளிருந்து பார்த்ததால் ஸ்டென்டே வேண்டாம் என்றும் ஆகிறது. மாரடைப்புகளில் பெரும்பாலானவை கொழுப்புப் படிவின் மூடி வெடித்து வருபவை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் மூடி வெடிப்பதில்லை, மேல்தோல் உரிந்த இடத்தில் கட்டி பிடிக்கிறது. சீனாவின் ஹார்பின் நகரில் ஓ.சி.டி. பார்த்துத் தெரிவு செய்த அத்தகைய 60 பேருக்கு ஸ்டென்ட் வைக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோரில் கட்டி பாதிக்குமேல் கரைந்தது. இன்னும் சிறிய ஆய்வுகள்தான். எல்லோருக்கும் பொருத்த முடியாது. நடுவயதுப் பெண்களில் வேறொன்று உண்டு. கொழுப்பே இல்லாமல் நாடிச் சுவர் தானாகப் பிளந்து அடைப்பது. அதில் அவசரப்பட்டு ஸ்டென்ட் வைத்தால் பிளவு நீளலாம். பெரும்பாலும் விட்டால் தானே ஆறும். எல்கடுவைப் பக்கம் கொழுந்தெடுக்கும் நாற்பது வயதுப் பெண் நெஞ்சுவலி என்றால், "அதெல்லாம் ஆம்பளைகளுக்கு வாற வருத்தம்" என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இந்தக் கருவிகள் எல்லாம் நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐவஸ், ஓ.சி.டி. குழாய்கள் ஒரு தடவை மட்டுமே பயன்படுத்தப்படுபவை, விலை கூடியவை. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்ததை மறந்துவிடவில்லை. ஆனால் இடது பிரதான நாடியில் அடைப்பு உள்ளவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும், ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடி அடைத்தவருக்கும் ஐவஸ் கிடைக்க வேண்டும். அதற்கு முன்பாக, மாத்தளையிலும் தம்புள்ளையிலும் ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் கண்டியில் படமெடுக்கும் நேரம் 24 மணித்தியாலத்துக்குள் உறுதியாக வேண்டும். கட்டில் இல்லை, அம்புலன்ஸ் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்ற பதில் வரக் கூடாது.

இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மாரடைப்பு வந்த நாடியைத் திறக்கும்போது, வேறொரு நாடியிலும் ஒடுக்கம் இருப்பதைப் படம் காட்டுவது சாதாரணம். பல வேளைகளில் அதை அன்றே தொடாமல், இன்னொரு திகதி கொடுத்து வரச் சொல்வார்கள். 2019இல் கம்ப்ளீட் என்ற ஆய்வில் 4,041 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அந்த இரண்டாவது நாடியையும் சரிசெய்தவர்களில் இருதய மரணமோ மறு மாரடைப்போ கண்டவர்கள் 7.8 வீதம், செய்யாதவர்களில் 10.5 வீதம். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அந்த இரண்டாவது திகதி ஒரு சோதனை. கண்டிக்குப் போனால் அன்றைய பேர் போகும், கூடப் போகும் மகளின் பேரும் போகும், பஸ் காசு, மறுநாளும் கையை ஊன்ற முடியாது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடுவார்கள். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் அமர்ந்து, இருதய கிளினிக் திகதிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால், அந்தத் திகதிக்கு அவர் தயக்கமில்லாமல் கண்டி பஸ் ஏறுவார்.

(தொடரும்)